கான்டரெல்: உலகத்தோட ரெண்டாவது பெரிய எண்ணெய் வயல் அஞ்சே வருஷத்துல விழுந்த கதை

2004-ல உலகத்துலயே அதிகமா எண்ணெய் குடுத்துக்கிட்டு இருந்த வயல் சவூதியோட கவார், அதுக்கு அடுத்த இடத்துல மெக்சிகோவோட கான்டரெல். அந்த வருஷம் கான்டரெல்ல இருந்து ஒரு நாளைக்கு சுமார் 21 லட்சம் பீப்பாய் வந்துச்சு. 2009-ல அது 7 லட்சத்துக்கும் கீழ போயிடுச்சு. நடுவுல போர் எதுவும் நடக்கல, யாரும் தடை போடல, புயல் வந்து பிளாட்ஃபார்மை எல்லாம் அடிச்சுட்டுப் போகல. சொல்லப்போனா அந்தக் காலகட்டத்துல எண்ணெய் விலை ஏறிக்கிட்டே போய் 2008 ஜூலைல பீப்பாய் 147 டாலரைத் தொட்டுச்சு, இன்னும் எடு இன்னும் எடுன்னு சந்தை கேட்டுக்கிட்டு இருந்த அதே நேரத்துலதான் இந்த வயல் சரிஞ்சுச்சு.

பீக் ஆயில்னா, அதாவது எண்ணெய் உற்பத்தி ஒரு உச்சியைத் தொட்டுட்டு அப்புறம் இறங்கிக்கிட்டே போறதுன்னா என்னன்னு யாராவது கேட்டா நான் முதல்ல இந்த வயலைத்தான் காட்டுவேன். ஏன்னா இன்னைக்கும் கான்டரெல்ல எண்ணெய் தீரல. மொத்தமா சுமார் 3,500 கோடி பீப்பாய் பாறைக்குள்ள இருந்துச்சுன்னு கணக்கு, அதுல 1,300 கோடிக்கு மேல எடுத்தாச்சு, எடுத்ததை விட உள்ள இருக்குறதுதான் ஜாஸ்தி. ஆனா உள்ள இருக்குற எண்ணெயை வெச்சு நாடு ஓடாது, ஒரு நாளைக்கு எவ்வளவு வெளிய வருதோ அதை வெச்சுத்தான் ஓடும். மெக்சிகோ அதை ரொம்ப வலியோட கத்துக்கிச்சு.

இடம் எதுன்னா மெக்சிகோவோட தென்கிழக்குல கம்பெச்சே விரிகுடா, சியுடாட் டெல் கார்மென்ங்கிற ஊர்ல இருந்து சுமார் 80 கிலோமீட்டர் கடலுக்குள்ள. ருடெசிண்டோ கான்டரெல்னு ஒரு மீனவர் 1960-கள்ல அங்க கடல் மேல எண்ணெய் படலம் மிதக்குறதைப் பாத்துட்டு அரசு எண்ணெய் கம்பெனி பெமெக்ஸ்கிட்ட தகவல் சொன்னார், 1971-ல அவங்க ஆளுங்க வந்து பாத்தாங்க, அப்புறம் சோதனைக் கிணறுகள் போட்டு 1979-ல உற்பத்தி ஆரம்பிச்சுச்சு. வயலுக்கு அவர் பேரையே வெச்சுட்டாங்க. அது ஒரே வயல் இல்ல, அகால், நோஹோச், சாக், குட்ஸ்னு பக்கத்து பக்கத்துல இருக்குற வயல்களோட தொகுப்பு, அதுல அகால்தான் பெரும்பங்கு.

இந்தப் பாறை உருவான விதம் தெரிஞ்சாத்தான் அப்புறம் நடந்தது புரியும். 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி டைனோசர்களை அழிச்ச விண்கல் விழுந்தது யுகடான் பக்கம், சிக்சுலுப்ல. அந்த அதிர்ச்சில கடலோரத்து சுண்ணாம்புப் பாறை விளிம்பு இடிஞ்சு பெரிய பெரிய துண்டா கடலுக்கு அடியில சரிஞ்சு குவிஞ்சுது. அந்த இடிபாட்டுக் குவியல்தான் கான்டரெல்லோட மேல் பகுதி எண்ணெய்ப் பாறை. (சிக்சுலுப் பள்ளத்தைக் கண்டுபிடிச்சதே பெமெக்ஸுக்காக காந்த அளவீடு எடுத்துக்கிட்டு இருந்த க்ளென் பென்ஃபீல்டும் அன்டோனியோ கமார்கோவும்தான், 1981-ல ஒரு மாநாட்டுல சொன்னாங்க, அப்போ பெருசா யாரும் கண்டுக்கல.) அப்படி உடைஞ்ச பாறைங்கிறதால உள்ள முழுக்க விரிசல், பொந்து, குகை மாதிரி இடைவெளி. எண்ணெய் அதுக்குள்ள தாராளமா ஓடும். 1981-லயே வெறும் 40 கிணறுகள்ல இருந்து நாளைக்கு 11 லட்சம் பீப்பாய் எடுத்தாங்க, சராசரியா ஒரு கிணத்துக்கு 25,000 பீப்பாய்க்கு மேல, இன்னைக்கு உலகத்துல பல வயல்கள்ல ஒரு கிணறு நூறு பீப்பாய் குடுத்தாலே நல்ல கிணறு. அதுவும் ஆழக்கடல் எல்லாம் இல்ல, நாப்பது மீட்டர் வாக்குல தண்ணி, செலவு ரொம்ப கம்மி.

சுலபமா வர்றது சுலபமா போகும்கிறதும் அந்தப் பாறையிலயே எழுதி இருந்துச்சு. விரிசல்ல இருக்குற எண்ணெய்தான் வேகமா வரும், இறுகின பாறைக்குள்ள ஊறிக் கெடக்குறது சொட்டு சொட்டாத்தான் வரும். முதல் வகை தீர்ற வரைக்கும் ரெண்டாவது வகையைப் பத்தி யாரும் கவலைப்படறது இல்ல.

அந்த 1979 எப்படிப்பட்ட வருஷம்னும் பாக்கணும். உலக விலை எகிறிக்கிட்டு இருந்துச்சு, ஈரான்ல புரட்சி, மெக்சிகோவோட ஜனாதிபதி லோபஸ் போர்டில்லோ இனிமே நமக்கு வளம் கொட்டப்போகுது, அதை நிர்வாகம் பண்ணக் கத்துக்கணும்ங்கிற அளவுக்குப் பேசினார். அதே கம்பெச்சே விரிகுடால அதே வருஷம் ஜூன் மாசம் இக்ஸ்டாக்-1 கிணறு வெடிச்சு ஒன்பது மாசத்துக்கு மேல அடக்க முடியாம சுமார் 30 லட்சம் பீப்பாய் எண்ணெய் கடல்ல கலந்துச்சு, அது ஒரு பக்கம் நடக்க, வரப்போற எண்ணெய்க் காசை நம்பி அரசாங்கம் வெளிநாட்டு பேங்குகள்ல கடன் வாங்கிக்கிட்டே போச்சு. அப்புறம் வட்டி ஏறுச்சு, எண்ணெய் விலை இறங்குச்சு, 1982 ஆகஸ்ட்ல மெக்சிகோ கடன் கட்ட முடியாதுன்னு கையைத் தூக்கிடுச்சு. லத்தீன் அமெரிக்கா முழுக்க ஒரு பத்து வருஷத்தை நாசம் பண்ண கடன் நெருக்கடி ஆரம்பிச்சது இந்த இடத்துலதான். அப்போ வயல் நல்லா ஓடிக்கிட்டு இருக்கு, அதையும் கவனிக்கணும். எண்ணெய் இருக்கும்போதே திவால் ஆக முடியும்.

சரி, வயலுக்கு வருவோம். 90-கள்ல என்ன ஆச்சுன்னா பிரஷர் இறங்கிடுச்சு. பூமிக்கு அடியில எண்ணெய் இயற்கையான அழுத்தத்துலதான் மேல வரும், எடுக்க எடுக்க அழுத்தம் குறையும், கிணறு எண்ணிக்கையைக் கூட்டிக்கிட்டே போனாலும் உற்பத்தி அதே பத்து லட்சத்தைச் சுத்தியே நின்னுச்சு, 90-களோட நடுவுல அதுக்கும் கீழ கூட வந்துச்சு. இங்கதான் பெமெக்ஸ் அந்தப் பெரிய முடிவை எடுத்துச்சு. கரையில அடாஸ்டாங்கிற இடத்துல உலகத்துலயே பெரிய நைட்ரஜன் ஆலை ஒண்ணைக் கட்ட வெச்சு, காத்துல இருந்து நைட்ரஜனைப் பிரிச்சு நாளைக்கு 120 கோடி கன அடி, குழாய் வழியா கடலுக்குக் கொண்டு போய் வயலோட தலையில ஏத்த ஆரம்பிச்சாங்க. 2000 மே மாசம் தொடங்குச்சு. கூடவே நூத்துக்கணக்குல புதுக் கிணறு, புது பிளாட்ஃபார்ம்கள். ஏன் நைட்ரஜன்னு கேட்டா, இயற்கை எரிவாயுவை ஏத்தலாம், ஆனா அதை வித்தா காசு, நைட்ரஜனுக்கு மூலப்பொருள் காத்துதானே.

வேலை செஞ்சுச்சு. அதை மறைக்கக் கூடாது. பத்து லட்சத்துல இருந்து நாலே வருஷத்துல 21 லட்சம். பொறியாளர்கள் சொன்னதைச் செஞ்சு காட்டினாங்க, மொத்தமா எடுக்கக்கூடிய எண்ணெயும் அதனால கூடுச்சுன்னுதான் பெரும்பாலானவங்க சொல்றாங்க, நானும் அதை ஒத்துக்குறேன். 2004-ல மெக்சிகோவோட மொத்த உற்பத்தி நாளைக்கு 33.8 லட்சம் பீப்பாய், அதுல அறுபது சதவீதத்துக்கு மேல இந்த ஒரே வயல்ல இருந்து.

ஆனா பூமிக்கு அடியில என்ன நடந்துக்கிட்டு இருந்துச்சு? மேல நைட்ரஜன் வாயு, கீழ உப்புத் தண்ணி, நடுவுல எண்ணெய். மேல இருந்து வாயு எண்ணெயைக் கீழ தள்ளிக்கிட்டே வரும், அடியில இருந்து தண்ணி ஏறிக்கிட்டே வரும், நடுவுல இருக்குற எண்ணெய் அடுக்கு வருஷா வருஷம் மெலிஞ்சுக்கிட்டே போகும். கிணத்தோட வாய் அந்த அடுக்குக்குள்ள இருக்குற வரைக்கும் உற்பத்தில ஒரு மாத்தமும் தெரியாது, நல்ல கிணறாத்தான் இருக்கும். வாயு மட்டம் இறங்கி கிணத்து வாய்க்கு வந்த அன்னைக்கு, தண்ணி மட்டம் கீழ போனதும் போர்வெல் மோட்டார் காத்து வாங்குமே, அந்த மாதிரி ஆயிடும். அப்புறம் அந்தக் கிணத்தை மூடணும் இல்ல இன்னும் ஆழமா மாத்தணும், அதுக்கு அடியிலதான் தண்ணி ஏறி வந்துக்கிட்டு இருக்கே. விரிசல் பாறைங்கிறதால வாயுவும் தண்ணியும் தடையே இல்லாம ஓடி வந்துச்சு.

அதனாலதான் சரிவு இவ்வளவு செங்குத்தா இருந்துச்சு. 2004-ல 21 லட்சம், 2006-ல 18 லட்சம், 2007-ல 15 லட்சம் வாக்குல, 2008-ல 10 லட்சம், 2009-ல 7 லட்சத்துக்கும் கீழ. 2006 ஆரம்பத்துல பெமெக்ஸோட உள் ஆய்வு ஒண்ணு பத்திரிகைல கசிஞ்சுச்சு, அதுல மோசமான சில கணிப்புகள் இருந்துச்சு, ஆனா அதிகாரபூர்வமா சொன்னது 2008-ல 14 லட்சம் வாக்குல இருக்கும்னு. நிஜம் அதை விட ரொம்ப கீழ. இன்னொரு வேதனை என்னன்னா கூட வந்த எரிவாயுவுல நைட்ரஜன் கலந்துடுச்சு, விக்க முடியாத அளவுக்கு, 2008 சமயத்துல அதுல பெரும் அளவை கடல் மேலயே கொளுத்தி விட்டாங்க. ஒரு பக்கம் நாடு எரிவாயு இறக்குமதி பண்ணிக்கிட்டு இருக்கு, இன்னொரு பக்கம் ராத்திரி முழுக்க கடல்ல எரியுது.

நைட்ரஜன் ஏத்தாம இருந்திருந்தாலும் வயல் சரிஞ்சிருக்கும். மெதுவா சரிஞ்சிருக்கும், அதுதான் வித்தியாசம். தொழில்நுட்பம் உச்சியை உயர்த்துச்சு, அந்த உயரத்துக்கு ஏத்த மாதிரி அடுத்த பக்கம் செங்குத்தாச்சு. உச்சியில நின்ன நாலஞ்சு வருஷத்துல வந்த பணத்தை என்ன பண்ணாங்கங்கிறதுதான் என் பார்வைல இந்தக் கேஸோட மையம்.

1938-ல லாசரோ கார்டெனாஸ் வெளிநாட்டு எண்ணெய் கம்பெனிகளை எல்லாம் நாட்டுடைமை ஆக்கினது மெக்சிகோ மக்களுக்கு இன்னைக்கும் பெருமை, நியாயமான பெருமைதான், நான் அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் வந்த அரசாங்கங்கள் பெமெக்ஸை வரி வசூல் பண்ற இடமா ஆக்கிட்டாங்க. மத்திய அரசோட வருமானத்துல மூணுல ஒரு பங்கு எண்ணெய்ல இருந்து வந்துச்சு, பெமெக்ஸ் சம்பாதிச்சதுல பாதிக்கும் மேல வரியாப் போச்சு, புது வயல் தேடவும் இருக்குறதைப் பராமரிக்கவும் கம்பெனி கடன் வாங்கித்தான் செலவு பண்ணுச்சு. பணக்காரங்க கிட்ட வரி வசூலிக்கிறது அரசியல்ல கஷ்டம், வயல்ல இருந்து எடுக்குறது சுலபம், அதனால வரி அமைப்பைச் சரி பண்ற வேலையை ஒவ்வொரு ஆட்சியும் அடுத்த ஆட்சிக்குத் தள்ளி விட்டுச்சு.

பக்கத்துல நார்வேயை வெச்சுப் பாருங்க. அவங்க உச்சியும் கிட்டத்தட்ட இதே காலம், 2001. ஆனா 1990-லயே எண்ணெய் நிதின்னு சட்டம் போட்டு 1996-ல இருந்து பணம் போட ஆரம்பிச்சாங்க, உச்சிக்கு முன்னாடியே. இன்னைக்கு அந்த நிதி ஒன்றரை லட்சம் கோடி டாலரைத் தாண்டி நிக்குது, 2024-ல அங்க வித்த புதுக் கார்கள்ல பத்துல ஒன்பது வாக்குல பேட்டரி கார். நார்வே 55 லட்சம் பேர், மெக்சிகோ 13 கோடி, வறுமை வேற, ஒப்பிடுறது நியாயமான்னு கேக்கலாம், அளவுல நியாயம் இல்லதான். ஆனா உற்பத்தி ஒருநாள் இறங்கும்னு ரெண்டு நாட்டுப் பொறியாளர்களுக்கும் ஒரே மாதிரிதான் தெரியும், ஒரு நாட்டுல அது பட்ஜெட் போடுறவங்க காதுல விழுந்துச்சு, இன்னொரு நாட்டுல விழல. மெக்சிகோ அந்த மாதிரி நிதியை ஒழுங்கா அமைச்சது 2014-ல, வயல் விழ ஆரம்பிச்சு பத்து வருஷம் கழிச்சு.

விழுந்த பிறகு என்ன பண்ணாங்கன்னா, பக்கத்துல இருந்த கு-மலூப்-சாப் வயல்களை வேகமா ஏத்தினாங்க. 2009-ல அது கான்டரெல்லைத் தாண்டி முதல் இடத்துக்கு வந்துச்சு, எட்டு லட்சத்துக்கு மேல போச்சு, அங்கயும் நைட்ரஜன்தான், அதுவும் இப்போ இறங்குமுகம். கரைல சிகோன்டெபெக்னு ஒரு இடத்துல பல நூறு கோடி டாலரைக் கொட்டி ஆயிரக்கணக்குல கிணறு போட்டாங்க, அஞ்சாறு லட்சம் பீப்பாய் வரும்னு திட்டம், கடைசி வரை ஒரு லட்சத்தைத் தொடவே இல்ல. புத்தகக் கணக்குல சிகோன்டெபெக்ல இருக்குற எண்ணெய் பிரம்மாண்டம், ஆனா இறுகின பாறை, வெளிய வராது. 2013-ல அரசியல் சட்டத்தையே திருத்தி தனியார் கம்பெனிகளை உள்ள விட்டாங்க. எதுவும் அந்த 21 லட்சத்தை ஈடு கட்டல. நாட்டோட மொத்த உற்பத்தி 33.8 லட்சத்துல இருந்து பாதியா ஆயிடுச்சு, கான்டரெல் தனியா எடுத்தா 2 லட்சத்துக்கும் கீழ. பெமெக்ஸ் கடன் 10,000 கோடி டாலரைத் தாண்டி உலகத்துலயே அதிகக் கடன் உள்ள எண்ணெய் கம்பெனின்னு பேர் வாங்குச்சு. 2023 ஜூலைல நோஹோச் பிளாட்ஃபார்ம்ல தீ பிடிச்சு தொழிலாளர்கள் செத்துப் போனாங்க. வயல் வயசாக வயசாக வருமானம் குறையும், குழாயும் இரும்பும் பழசாகும், பராமரிப்புச் செலவு ஏறும், அந்த இடைவெளில மாட்டிக்கிறது அங்க ஷிஃப்ட்ல நிக்குற ஆளுதான், இதை எழுதும்போது கோவமா வருது.

எரிவாயு விஷயத்துல இன்னும் மோசம். சொந்த உற்பத்தி இறங்க இறங்க அமெரிக்காவோட டெக்சாஸ்ல இருந்து குழாய் வழியா வர்ற எரிவாயுவை நம்ப ஆரம்பிச்சாங்க, அது மலிவு. 2021 பிப்ரவரில டெக்சாஸ்ல கடுங்குளிர் வந்து அங்க குழாய்கள் உறைஞ்சப்போ, எரிவாயுல ஓடுற மின் நிலையங்கள் நின்னு வட மெக்சிகோல 47 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போச்சு. பீக் ஆயில்னா எல்லாரும் பெட்ரோல் பங்க்ல க்யூவைத்தான் கற்பனை பண்றாங்க, நடைமுறைல அது இப்படித்தான் வரும், கொஞ்சம் கொஞ்சமா இன்னொருத்தரோட குழாயை நம்பி இருக்குற நிலைமை.

இப்போ உலகத்துக்கு வருவோம். கிங் ஹப்பர்ட்னு ஷெல் கம்பெனி நிலவியலாளர் 1956-ல அமெரிக்க உற்பத்தி 1965-க்கும் 1970-களோட ஆரம்பத்துக்கும் நடுவுல உச்சி தொடும்னு சொன்னார், 1970-ல நாளைக்கு 96 லட்சத்துல தொட்டுச்சு, அப்புறம் 2008-ல 50 லட்சம் வரைக்கும் இறங்குச்சு. அதுக்கப்புறம் ஷேல், அதாவது இறுகின பாறையை உடைச்சு எடுக்குற எண்ணெய் வந்து எல்லாத்தையும் தலைகீழா மாத்தி 2024-ல 1.3 கோடியைத் தாண்டிடுச்சு. இதைக் காட்டித்தான் பீக் ஆயில் பொய்னு சொல்றாங்க. ஆனா சர்வதேச எரிசக்தி முகமை 2018-ல சொன்ன கணக்கைப் பாருங்க, வழக்கமான கச்சா எண்ணெய் 2008-லயே நாளைக்கு சுமார் 6.95 கோடி பீப்பாய்ல உச்சி தொட்டு அப்புறம் இறங்கி இருக்கு. அதுக்கு மேல உலகத் தேவை கூடினதைப் பெரும்பாலும் நிரப்பினது ஷேலும், எரிவாயுவோட கூட வர்ற திரவங்களும், கனடாவோட எண்ணெய் மணலும்தான். உச்சி வந்துச்சு, பக்கத்துல வேற ஒண்ணு ஏறினதால யார் கண்ணுக்கும் படல.

அந்த வேற ஒண்ணோட குணம் என்ன? ஷேல் கிணறு முதல் வருஷத்துலயே தன் உற்பத்தில பாதிக்கு மேல இழந்துடும், அதை ஈடு கட்ட அடுத்த கிணறு, அதுக்கு அடுத்தது. அதே முகமை 2025-ல 15,000 வயல்களைப் பாத்துட்டு சொன்னது, உச்சியைத் தாண்டின வழக்கமான எண்ணெய் வயல்கள் வருஷத்துக்கு சராசரியா 5.6 சதவீதம் இறங்குது, முதலீட்டை நிறுத்தினா ஷேல் ஒரே வருஷத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல விழும், இப்போ உலகம் எண்ணெய் எரிவாயு எடுக்கப் போடுற பணத்துல கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்குற அளவை அப்படியே தக்க வெச்சுக்கத்தான் போகுது. கான்டரெல்ல நைட்ரஜன் பண்ண வேலையை இப்போ உலகம் முழுக்க பணம் பண்ணிக்கிட்டு இருக்கு.

வயல்களோட உள் நிலவரம் வெளிய தெரியாம இருக்குறதும் எனக்குப் பெரிய கவலை. கவார் நாளைக்கு 50 லட்சம் குடுக்கும்னு ரொம்ப வருஷமா உலகம் நம்பிக்கிட்டு இருந்துச்சு, 2019-ல சவூதி அராம்கோ கடன் பத்திரம் வெளியிட ஆவணம் குடுத்தப்போதான் அதிகபட்சம் 38 லட்சம்னு தெரிஞ்சுது.

தேவை தானா குறைஞ்சு, எண்ணெய் இறங்குறதுக்கு முன்னாடியே நாம இறங்கிடுவோம்னு இன்னொரு வாதம் இருக்கு. அதுல உண்மை இருக்கு, சீனால 2024-ல வித்த புதுக் கார்கள்ல பாதி வாக்குல மின்சாரம் போட்டு ஓடுறது, சூரிய மின்சாரம் விலை விழுந்த வேகம் யாரும் எதிர்பாக்காதது. ஆனா கப்பல், விமானம், உரம், பிளாஸ்டிக், நெடுஞ்சாலை லாரி எல்லாம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. வயல் வருஷத்துக்கு அஞ்சாறு சதவீதம் இறங்கும், தேவை எவ்வளவு வேகமா இறங்கினாலும் அந்த வேகத்துக்கு இன்னும் எந்தப் பெரிய நாட்டுலயும் வரல. ரெண்டு கோடும் ஒண்ணா இறங்கினா யாருக்கும் வலிக்காது. ஒண்ணு முந்திக்கிட்டா விலை எகிறும் இல்லாட்டி எண்ணெயை நம்பி இருக்குற நாடுகள் மெக்சிகோ மாதிரி பட்ஜெட்ல ஓட்டையோட நிக்கும்.

நம்ம நாட்டுக்கு இதுல நேரடி சம்பந்தம் இருக்கு. தேவைல 85 சதவீதத்துக்கு மேல கச்சா எண்ணெய் இறக்குமதி, சொந்தமா இருக்குறதுல பெரிய வயல் மும்பை ஹை, 1974-ல கண்டுபிடிச்சது, 1980-கள்ல உச்சி தொட்டுட்டு ரொம்ப காலமா இறங்கிக்கிட்டு இருக்கு. 2025 ஜனவரில ஓஎன்ஜிசி அங்க உற்பத்தியைக் கூட்டித் தர பிரிட்டனோட எண்ணெய் கம்பெனி பிபியை தொழில்நுட்பத் துணையா சேத்துக்கிச்சு. நல்ல விஷயம்தான், ஆனா அங்க உற்பத்தி ஏறுச்சுன்னு செய்தி வரும்போது அந்த ஒரு எண்ணை மட்டும் பாத்துட்டு விட்டுடாதீங்க. எத்தனை புதுக் கிணறு போட்டு அது ஏறுச்சு, எண்ணெயோட வர்ற தண்ணி எவ்வளவு சதவீதம், ஏறின வருமானத்துல எவ்வளவு பங்கு அடுத்த மின்சார ஏற்பாட்டுக்குப் போச்சு, இதெல்லாம் வெளிய வரணும். மெக்சிகோல 2000-த்துல இருந்து 2004 வரைக்கும் வந்த தலைப்புச் செய்தி எல்லாமே உற்பத்தி சாதனைதான், எண்ணெய் அடுக்கு எத்தனை மீட்டர் மெலிஞ்சுச்சுங்கிறது எந்தத் தலைப்புலயும் வரல.